தேசியக் கொடியின் நிறங்களுக்கு எது சரியான பொருள்? ஆளுக்கொன்று சொல்கிறார்களே

மலர், ஈரோடு:

என் மகள் ஏழாம் வகுப்பு. ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் தேசியக் கொடியைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். எழுதிக் கொடுக்கலாம் என்று தேடினால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. ஒரு இடத்தில் காவி தியாகம், வெள்ளை உண்மை, பச்சை செழிப்பு. வாட்ஸப்பில் வந்த ஒன்றில் காவி வீரம், வெள்ளை அமைதி, பச்சை நம்பிக்கை. என் மாமனாரோ, "அதெல்லாம் பிற்பாடு சொன்னது, காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்ற எல்லோருக்கும், காந்தியே எழுதியிருக்கிறார்" என்று அடித்துச் சொல்கிறார். சக்கரத்தில் இருக்கும் 24 ஆரக்கால்களுக்கு 24 மணி நேரம் என்று ஒருவர், 24 நற்குணங்கள் என்று பட்டியலே போட்டு இன்னொருவர்.

சட்டத்திலோ அரசியலமைப்பிலோ "இந்த நிறத்துக்கு இதுதான் பொருள்" என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இருந்தால் அதையே எழுதிக் கொடுத்துவிடுவேன். இன்னொன்று, கொடியை வடிவமைத்தவர் பிங்கலி வெங்கய்யா என்று தைரியமாக எழுதலாமா? அதிலும் சண்டை நடக்கிறது போலிருக்கிறது.

பழைய வாத்தியார்:

சட்டத்திலோ அரசியலமைப்பிலோ அப்படி எழுதவில்லை அம்மா. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிந்து நிறைவேறிய தீர்மானம் மிகச் சிறியது. அடர்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை மூன்றும் சம அகலத்தில் கிடைமட்டமாக இருக்க வேண்டும். வெள்ளைப் பட்டையின் நடுவில், ராட்டையைக் குறிக்கும் வகையில், கருநீலச் சக்கரம். அந்தச் சக்கரம் சாரநாத்தில் அசோகர் நிறுவிய சிங்கத் தூணின் தலைப்பகுதியில் உள்ளதைப் போல இருக்க வேண்டும். சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய வெள்ளைப் பட்டையின் அகலம். கொடியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் விகிதம் 2:3. அவ்வளவுதான். காவி என்றால் இது, பச்சை என்றால் இது என்று ஒரு வார்த்தை கிடையாது. 24 என்ற எண்கூட அதில் இல்லை. சாரநாத் சக்கரத்துக்கு 24 ஆரக்கால்கள், அதனால் கொடியிலும் 24. பிற்பாடு வந்த கொடி விதிகளில்தான் எண்ணைக் குறிப்பிட்டார்கள், அங்கும் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்லவில்லை. 24 மணி நேரம், 24 குணங்கள் இரண்டையும் உங்கள் மகளின் உரையிலிருந்து எடுத்துவிடலாம்.

ஆனால் மற்ற மூன்றுமே எங்கிருந்தோ முளைத்தவை அல்ல. மூன்றும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் பொருள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதையே இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் மாமனார் சொல்வது 1921. அந்த ஆண்டு பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியது. சிவப்பும் பச்சையும் சேர்ந்த துணியில் ராட்டை இருக்கும்படி ஒரு கொடி செய்து தர முடியுமா என்று காந்தி பிங்கலி வெங்கய்யாவிடம் கேட்டார். அவர் மூன்றே மணி நேரத்தில் செய்து கொடுத்தார். அப்படியும் கமிட்டியின் முன் வைக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. தாமதமானதே நல்லது என்று காந்தி எழுதினார், ஏனென்றால் நிதானமாக யோசித்தபோதுதான் மற்ற சமயத்தவருக்கும் கொடியில் இடம் வேண்டும் என்று அவருக்குப் பட்டது. வெள்ளை அப்படித்தான் வந்தது. 1921 ஏப்ரலில் யங் இந்தியா இதழில் அவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது இது.

அந்தக் கொடியில் நிறங்கள் இருந்த வரிசையைப் பாருங்கள். மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் மேலே, அடுத்து முஸ்லிம்கள், கடைசியில் இந்துக்கள். பலமுள்ளவர் பலம் குறைந்தவருக்குக் கேடயமாக நிற்க வேண்டும் என்பது காந்தி சொன்ன காரணம். ஆக மாமனார் சொல்வதில் காந்தி உண்டு, சமயக் கணக்கும் உண்டு. ஆனால் காவி கிடையாது, சிவப்பு. இன்றைய கொடியும் அதுவல்ல.

வாட்ஸப்பில் வந்தது 1931. நிறங்களைச் சமயங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தால் என்ன நடக்கும்? எங்கள் நிறம் எங்கே என்ற கேள்வி வரும். வந்தது. சீக்கியர்கள் தங்களுக்கும் ஒரு நிறம் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். கராச்சி காங்கிரஸ் மாநாட்டுக்குப் பிறகு ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். படேல், ஆசாத், நேரு, மாஸ்டர் தாரா சிங், பட்டாபி சீதாராமய்யா, காகா காலேல்கர், ஹர்டிகர். குழு என்ன பரிந்துரைத்தது தெரியுமா? கொடி முழுக்கக் காவி ஒரே நிறம், மூலையில் ராட்டை. அதைக் கமிட்டி ஏற்கவில்லை. 1931 ஆகஸ்டில் பம்பாயில் கூடி, சிவப்பை எடுத்துவிட்டுக் காவியை மேலே வைத்து, வெள்ளையை நடுவில் கொண்டுவந்து, அதன் மேல் நீல ராட்டையை வைத்தார்கள். இந்த நிறங்களுக்குச் சமயப் பொருள் எதுவும் இல்லை என்று தீர்மானத்திலேயே எழுதினார்கள். காவி வீரமும் தியாகமும், வெள்ளை உண்மையும் அமைதியும், பச்சை நம்பிக்கையும் தீரமும். இன்றைய கொடிக்கு நேர் தாய் இந்தக் கொடிதான்.

1947-ல் தீர்மானத்தை முன்மொழிந்தபோது நேரு, சிலர் இதைச் சமயக் கண்ணோட்டத்தில் பார்க்கிறார்கள், இதை உருவாக்கியபோது அப்படி எந்தப் பொருளும் வைக்கவில்லை என்றார். 1931-ஐ வைத்துப் பார்த்தால் அது முற்றிலும் உண்மை. பொருள் சொல்லும் வேலையை அன்று சபையில் செய்தவர் ராதாகிருஷ்ணன். காவி பற்றின்மை, பதவியில் இருப்பவர்கள் தன்னலம் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பதற்கு. வெள்ளை ஒளி, உண்மையின் வழி. பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு. சக்கரம் அறம், கூடவே இயக்கம், தேங்கி நிற்பதில் சாவு இருக்கிறது, இயக்கத்தில் உயிர் இருக்கிறது என்றார். பள்ளிக்கூடங்களில் சொல்லித் தரும் பொருள் பெரும்பாலும் இந்த உரையிலிருந்து வந்து, காலப்போக்கில் சுருங்கியது. பற்றின்மை தியாகமாயிற்று, மண்ணும் பயிரும் செழிப்பாயிற்று.

எனக்கு ராதாகிருஷ்ணன் காவிக்குச் சொன்ன பொருள் மிகவும் பிடிக்கும். மற்றதெல்லாம் மக்களுக்குச் சொன்னது, இது ஆட்சியில் உட்காரப் போகிறவர்களைப் பார்த்துச் சொன்னது. உங்கள் மகள் ஒன்றை மட்டும் சொல்ல நேரம் இருந்தால் இதைச் சொல்லட்டும்.

நெல்லைக்காரன்:

வாத்தியார் சார் எழுதியதில் 1921-க்கு முன்னால் உள்ளது விட்டுப்போயிற்று. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு அது அவசியம், ஏனென்றால் ஆகஸ்ட் 15-க்குப் பல பள்ளிகளில் "தாயின் மணிக்கொடி" பாடுவார்கள், எல்லோரும் மேலே பறக்கும் மூவர்ணத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவார்கள். பாட்டைக் கவனித்துக் கேட்டால் பாரதி சொல்வது வேறு கொடி. அதில் ஒரு பக்கம் இந்திரனின் வச்சிராயுதம், மறுபக்கம் இளம்பிறை, நடுவில் வந்தே மாதரம். பாரதி 1921 செப்டம்பரில் இறந்துவிட்டார், காவி வெள்ளை பச்சையை அவர் பார்க்கவே இல்லை. சுதேசி இயக்கக் காலத்தில் கொடிக்கு யோசித்த அடையாளங்கள் அவை. வச்சிரம் விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதா தன் கொடிக்குத் தேர்ந்தெடுத்த சின்னம்.

1906 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா பார்சி பாகான் சதுக்கத்தில் ஏற்றிய கொடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள். மேலே எட்டுத் தாமரை, நடுவில் வந்தே மாதரம், கீழே சூரியனும் பிறையும். மறு ஆண்டு பிகாஜி காமா அம்மையார் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த சோஷலிஸ்ட் மாநாட்டில் அதையொட்டிய ஒரு கொடியை விரித்துக் காட்டினார். எல்லாவற்றிலும் இரண்டு சமயங்களின் சின்னத்தையும் ஒரே துணியில் வைக்கும் முயற்சி இருக்கிறது, பாருங்கள். 1921-ல் காந்தி செய்தது திடீரென்று வந்த யோசனை இல்லை.

இடையில் அன்னி பெசன்ட், திலகர் இவர்களின் ஹோம் ரூல் (தன்னாட்சி) இயக்கக் கொடி. ஐந்து சிவப்பு, நான்கு பச்சைப் பட்டைகள், ஏழு நட்சத்திரம், மூலையில் பிரிட்டிஷ் கொடி. 1917-ல் சென்னை அரசு பெசன்ட்டை ஊட்டியில் காவலில் வைத்தது, அங்கே வீட்டுத் தோட்டத்திலேயே அந்தக் கொடியை ஏற்றினார் அம்மையார். ஆனாலும் மூலையில் பிரிட்டிஷ் கொடி இருக்கும் ஒன்றை நாட்டு மக்கள் தங்கள் கொடியாக நினைப்பார்களா? நினைக்கவில்லை, சீக்கிரமே வழக்கொழிந்தது.

திருப்பூர் குமரனை விட்டுவிடாதீர்கள். ஈரோட்டுப் பிள்ளை பேசும்போது சென்னிமலையில் பிறந்த குமரன் இல்லாமலா? 1932 ஜனவரி 10 அன்று ஊர்வலத்தில் போலீஸ் தடியடி, மண்டை உடைந்து விழுந்தும் கையிலிருந்த கொடியை விடவில்லை, மறுநாள் இறந்தார். அது வாத்தியார் சார் சொன்ன 1931 கொடியின் காலம், ராட்டை உள்ள கொடி. மேடையில் பேசும்போது அவர் அசோகச் சக்கரக் கொடியைக் காத்தார் என்று வாய் தவறி வந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலம் ரவி:

எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. 1921-ல் காந்தி சொன்ன பொருளை ஏன் பழையது என்று ஒதுக்க வேண்டும்? நாட்டில் முக்கால்வாசிப் பேர் கொடியைப் பார்த்தால் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்றுதான் சொல்கிறார்கள், அதில் என்ன கெடுதல்? எல்லோரும் ஒரே துணியில் இருக்கிறோம் என்பது பிள்ளைக்குச் சட்டென்று புரியும். பற்றின்மை என்றால் ஏழாம் வகுப்புக்கு என்ன புரியும்?

பிங்கலி வெங்கய்யா விஷயத்துக்கும் பதில் வரவில்லை.

பழைய வாத்தியார்:

ரவி, நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் வகுப்பில் அப்படிச் சொல்லிப் பாருங்கள். காவி ஒரு பிள்ளைக்கு, பச்சை ஒரு பிள்ளைக்கு என்று ஆனதும் "மேலே இருப்பது நாங்கள், கீழே இருப்பது நீங்கள்" என்று அடுத்த நிமிடமே ஒருவன் சொல்வான். நான் வகுப்பறையில் கேட்டிருக்கிறேன். காந்தியின் கொடியில் இந்துக்களின் நிறம் கீழே, அதற்கு ஒரு காரணமும் சொன்னார். அந்தக் காரணத்தை 1931-க்குப் பிறகு வந்த வரிசையில் பொருத்தவே முடியாது. பழைய பொருளைப் புதிய வரிசையில் ஒட்டினால் காந்தி சொன்னதற்கு நேர் எதிராகப் போய் நிற்கும். அதோடு சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, சமயமே வேண்டாம் என்பவர், எல்லோரையும் வெள்ளைக்குள் அடைத்துவிட்டு அவர்கள் மனநிறைவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. 1931-ல் அந்தத் தலைவர்கள் வேண்டுமென்றே அந்தக் கணக்கை மூடினார்கள், நாம் அதைத் திரும்பத் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து.

வெங்கய்யா: மசூலிப்பட்டினம் பக்கத்துப் பட்லபெனுமர்ருக்காரர். 1916-லேயே இந்தியாவுக்கு ஒரு கொடி வேண்டும் என்று முப்பது மாதிரிகளோடு சிறு புத்தகம் போட்டவர், காங்கிரஸ் கூட்டம்தோறும் போய் இதையே கேட்டுக்கொண்டிருந்தவர். கொடியில் ராட்டை என்ற யோசனை ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜுடையது என்று காந்தியே எழுதியிருக்கிறார். ராட்டையை எடுத்துச் சக்கரம் வைத்தது 1947-ல், ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த குழு. அதில் ஆசாத், சரோஜினி நாயுடு, ராஜாஜி, முன்ஷி, அம்பேத்கர் எல்லாம் இருந்தார்கள். சபைத் தீர்மானத்தில் வடிவமைத்தவர் என்று யார் பெயரும் இல்லை. சுரையா தயாப்ஜி அம்மையாருக்கும் கடைசி வடிவத்தில் பங்கு உண்டு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் "இன்றைய கொடிக்கு அடிப்படையான கொடியை உருவாக்கியவர் பிங்கலி வெங்கய்யா" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. 1963-ல் வறுமையில்தான் இறந்தார் அந்த மனிதர். அவர் பெயரைப் பிள்ளைகள் உரக்கச் சொல்ல வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மலர், ஈரோடு:

ரொம்ப நன்றி சார், நெல்லை அண்ணனுக்கும் நன்றி. 1921, 1931, 1947 என்று மூன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், ராட்டையை ஏன் எடுத்தார்கள்? அவள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அப்புறம், பேசும்போது கையில் வைத்துக்கொள்ள ஒரு கொடி வாங்க வேண்டும். கதர்க் கொடிதான் வாங்க வேண்டுமா?

கதர்க்கடை:

நான் கதர்க் கடையில் வேலை பார்ப்பவன், இரண்டுக்கும் சொல்கிறேன்.

ராட்டைக்கு நேரு சபையிலேயே காரணம் சொன்னார். கொடியை எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ராட்டையில் ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கதிர். முன்னால் நின்று பார்த்தால் ஒரு மாதிரி, பின்னால் போய்ப் பார்த்தால் இடவலம் மாறிவிடும். சக்கரத்தை மட்டும் வைத்தால் அந்தத் தொந்தரவு இல்லை. சக்கரம் ராட்டையைத்தான் குறிக்கிறது என்று தீர்மானத்தில் எழுதியதும் அதனால்தான். ஆனால் காந்திக்கு இது வலித்தது. ராட்டை இல்லாத கொடிக்கு வணக்கம் செலுத்த மாட்டேன் என்று 1947 ஆகஸ்ட் முதல் வாரத்தில்கூடச் சொன்னார். நூல் நூற்கிற ஏழையின் கருவி அது, அரசனின் தூணில் இருக்கும் சக்கரம் அதற்கு ஈடாகுமா என்ற ஆதங்கம் எங்களைப் போன்றவர்களுக்கு இன்றும் உண்டு. சபையில் நேரு காட்டிய இரண்டு கொடிகளும் கதர்தான், ஒன்று பட்டு, ஒன்று பருத்தி. ராட்டை படத்தில் இல்லாமல் போனாலும் துணியில் இருந்தது என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொள்வோம்.

2021 டிசம்பர் 30-ல் விதி மாறிவிட்டது. அதற்கு முன் கையால் நூற்றுக் கையால் நெய்த துணியில்தான் கொடி இருக்க வேண்டும், இப்போது இயந்திரத்தில் செய்த பாலியஸ்டரும் செல்லும். ஆகவே சட்டப்படி நீங்கள் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். 2022-ல் வீடு வீடாகக் கொடி ஏற்றச் சொன்னபோது கோடிக்கணக்கில் தேவைப்பட்டது, அத்தனையும் கைத்தறியில் கொடுத்திருக்க முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வருடம் வந்த மலிவுக் கொடிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சக்கரம் முட்டை வடிவத்தில், வெள்ளைப் பட்டையை விட்டு வெளியே வழிந்து, காவி எலுமிச்சை மஞ்சளில். வாங்கும்போது மூன்று பட்டையும் சமமா என்று மடித்துப் பாருங்கள். சக்கரம் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

நல்ல கதர்க் கொடி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் ஹூப்ளி பெங்கேரியில் செய்துவரும் கொடியைப் பார்க்க வேண்டும். தரச் சான்று பெற்ற இடம் அது, செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் நாட்டின் தர நிர்ணய வரிசையில் முதல் எண்ணே தேசியக் கொடிக்குத்தான், ஐஎஸ் 1, 1951-ல் வந்தது. 150 மில்லிமீட்டர் நீளமுள்ள மேசைக் கொடி முதல் 6,300 மில்லிமீட்டர் வரை ஒன்பது அளவுகள். கம்பத்துப் பக்கம் கெட்டித் துணியில் ஒரு குழல் மாதிரி மடித்துத் தைத்து, அதற்குள் கயிறு போட்டு, மேல்முனையில் ஒரு சின்ன மரக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டை இருக்கும் பக்கம் காவி. அவசரத்தில் தலைகீழாகக் கட்டிவிடாமல் இருக்க அதுதான் அடையாளம்.

மகள் கையில் பிடிக்கச் சின்னக் கொடி போதும். காகிதக் கொடியானாலும் பரவாயில்லை, விழா முடிந்ததும் கீழே போட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிழிந்து நைந்துபோனால் யாரும் மிதிக்காத தனி இடத்தில் முழுதாக எரித்துவிடலாம் என்று விதியே சொல்கிறது, எரிப்பது அவமரியாதை இல்லை.

நெல்லைக்காரன்:

மலர், இன்னும் ஒன்று. சென்னைக்குப் போக வாய்ப்பு கிடைத்தால் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு மகளைக் கூட்டிப்போங்கள். 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் அந்தக் கோட்டையில் ஏற்றிய கொடி அங்கே இருக்கிறது. பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம், பட்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், ஈரம் பிடிக்காமல் இருக்க உள்ளே கிண்ணங்களில் சிலிக்கா ஜெல். நிறம் மங்கியிருக்கிறது, ஆனாலும் அதன் முன்னால் நின்றால் கொடி என்பது இவ்வளவு பெரிய துணியா என்று இருக்கும்.

உரையில் "1947 ஆகஸ்ட் 15 அன்று நேரு செங்கோட்டையில் கொடியேற்றினார்" என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். செங்கோட்டையில் ஏற்றியது 16-ஆம் தேதி. 15 அன்று டெல்லியில் மக்கள் கூட்டத்தின் நடுவே கொடியேறியது இந்தியா கேட் பக்கத்தில்.